பாரம் வைத்தலுக்கு எதிர்ச்சொல் தேடின கதை

முந்தாநாள் இரவு பத்தரை மணிக்கு மருமகளிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. அவள் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள், ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு இவ்வளவு என்று காசு, அதனால் ஒரு சொல்லில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் அவளுக்கு நட்டம். "மாமா, பலாஸ்ட் எண்டால் கப்பல் ஆடாம இரிக்க அடியில பாரம் வைக்கிறதுதானே. 'பாரம் வைத்து நிலைப்படுத்து' எண்டு போட்டிருக்கன். அதுக்கு எதிர்ச்சொல் என்ன? படுக்க முந்திச் சொல்லுங்க."

நான் யோசிக்கவே இல்லை. 'பாரம் இறக்கு' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பி ஒரு நிமிடம் ஆகவில்லை, அது பிழை என்று பட்டது. அப்புறம் நித்திரை எங்கே வரும்.

அந்த வினைக்குள் இரண்டு வேலை ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஒன்று பாரத்தை வைப்பது, மற்றது அதனால் ஆட்டம் அடங்குவது. எதிர்ச்சொல் என்றால் இதில் எதைத் திருப்புவது? பாரத்தை எடுப்பதையா, ஆட வைப்பதையா? பாரத்தை எடுத்த பிறகும் ஆடாமல் நிற்பவை உண்டு, பாரம் இருந்தபடியே இருக்க ஆடிக் கவிழ்பவையும் உண்டு. பள்ளிக்கூடத்தில் 'எதிர்ச்சொல் தருக' என்று வருகிற கேள்வியில் இந்தக் கரைச்சல் கிடையாது. இரவுக்குப் பகல், மேட்டுக்குப் பள்ளம், முடிந்தது கதை.

தமிழில் இன்னொரு கரைச்சலும் இருக்கிறது. ஆங்கிலக்காரர் வினைக்கு முன்னால் ஒரு 'அன்'னையோ 'டி'யையோ ஒட்டிவிட்டால் செய்த வேலை திரும்பிவிடும். நம்மிடம் அப்படி ஓர் ஒட்டு இல்லை. 'கட்டாதே', 'கட்டவில்லை' என்பதெல்லாம் மறுப்புத்தான், எதிர்ச்சொல் ஆகாது. கட்டினதை அவிழ்க்க வேண்டும், பூட்டினதைத் திறக்க வேண்டும், மாட்டினதைக் கழற்ற வேண்டும், சுருட்டினதை விரிக்க வேண்டும், புதைத்ததைத் தோண்ட வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் அதைத் திருப்புகிற வேலை வேறு, சொல்லும் வேறு. அந்த வேலையைக் கையால் செய்தவர்கள் வாயிலிருந்து வந்த சொற்கள் இவை என்பது என் எண்ணம். அதிலும் நிற்கிற இடம் வேறு முக்கியம். 'ஏற்றுமதி', 'இறக்குமதி' என்கிறோமே, அது துறையில் நின்று கப்பலைப் பார்க்கிறவன் சொல். நாட்டுக்குள் அரிசி வருவதை 'இறக்கு' என்றும் தேயிலை வெளியே போவதை 'ஏற்று' என்றும் சொல்ல அவனால்தான் முடியும்.

ஆகவே பாரம் வைப்பதைத் திருப்புகிற சொல்லை, பாரம் வைத்த ஆள் ஒருவரிடம்தான் கேட்க வேண்டும். அகராதியிடம் போனால் 'இலேசாக்கு' என்று சொல்லிவிட்டு அது தன் பாட்டில் போய்விடும்.

எனக்குத் தெரிந்து பாரம் வைத்தவர் என் பெரியப்பா. மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம், நாங்கள் படுவான்கரை என்கிற கரையில், மண்டூர்ப் பக்கம், வாவியோடு ஒட்டின வளவு. சின்னத் தோணி ஒன்றும் வீச்சுவலையும் வைத்திருந்தார். தனியே போகிற நாளில் தோணியின் பின்பக்கம் நின்று கம்பு ஊன்றுவார், அவருடைய நிறைக்குப் பின்பக்கம் தாழ்ந்து முன்மூக்கு மேலே கிளம்பி நிற்கும், கச்சான் காற்றுக் கொஞ்சம் அடித்தால் போதும், அந்த மூக்கு தான் நினைத்த பக்கம் கிறுகிவிடும். அதற்காக யூரியாப் பையில் மணலை நிரப்பி வாயைக் கட்டி முன்னால் இரண்டு மூட்டை போட்டு வைத்திருப்பார். மணல் ஈரமாகவே கிடக்கும். அதன் மேலே எப்போதும் ஒரு வெற்றிலைப் பெட்டி.

பள்ளிக்கூட விடுமுறைக்கு நான் போனால் கரையிலேயே ஒரு மூட்டையைத் தூக்கி வெளியே வைப்பார். "நீதான் மனே இண்டைக்கு மூட்டை. மூட்டை கதைக்காது, எழும்பாது, விளங்கிச்சா?" எட்டு வயது இருக்கும் எனக்கு. மணல் மூட்டையை இறக்கி என்னை வைப்பதில் எனக்குப் பெருமையா அவமானமா என்று அப்போது தெரியவில்லை, இப்போதும் சரியாகத் தெரியாது. ஆனால் மருமகள் கேட்ட கேள்விக்கு அங்கேயே ஒரு விடை கிடக்கிறது. அவர் கை செய்தது 'பாரம் இறக்குதல்'தான். தோணி ஆடவில்லை. ஏனென்றால் அந்த இடத்தில் நான்.

ஒருநாள் விடியற்காலை, மூடுபனி கலையாத நேரம், கொஞ்சம் தள்ளித் தண்ணீரில் கறுப்பாக ஒன்று நீளமாக மிதந்து வந்தது. முதலை என்று கத்திக்கொண்டு எழும்பிவிட்டேன். அதற்குப் பிறகு நடந்தது ஒவ்வொன்றும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இடது பக்க விளிம்பு தண்ணீரோடு சமமாக வந்தது, தண்ணீர் சத்தமே இல்லாமல், ஊற்றுகிற மாதிரி இல்லாமல், பாய் விரிக்கிற மாதிரி உள்ளே வந்தது. வலை அந்தப் பக்கம் சரிந்தது, அதன் ஈயமணிகள் பலகையில் கடகடவென்று உருண்டன, வெற்றிலைப் பெட்டி போய்விட்டது. பெரியப்பா என்னைப் பிடிக்க வரவில்லை, கம்பை விட்டுவிட்டு இருந்த இடத்திலேயே குந்தி இரண்டு முழங்காலையும் இரண்டு பக்கப் பலகையிலும் முட்டுக்கொடுத்துக்கொண்டார். "இரி! இரி மனே, இரி!" நான் இருந்தேன். இருந்தது மட்டுமில்லை, அடித்தட்டில் கிடந்த தண்ணீருக்குள்ளேயே படுத்துவிட்டேன். தோணி இரண்டு மூன்று தரம் உருண்டு பார்த்துவிட்டு நின்றது.

அந்த முதலை ஒரு தென்னங்குற்றி.

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. வாய் வெட்டின எண்ணெய்க் கான் ஒன்றை என் கையில் தந்து தண்ணீரை அள்ளி ஊற்றச் சொன்னார். நான் ஊற்ற ஊற்ற, தான் மிதந்து போன கம்பைக் கையால் தண்ணீர் வலித்து எட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பாரம் கூடினா தோணி தாழும், அவ்வளவுதான், தாழ்ந்து தாழ்ந்து எண்டாலும் போகும். பாரம் எழும்பினாத்தான் மனே பிரளும்." மறுகா கொஞ்ச நேரம் கழித்து, "பெட்டிக்குள்ள புதுப் பாக்கு இருந்தது" என்றார். அதுதான் அவர் என்னைத் திட்டினது.

இதை இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தத் தோணியிலிருந்து ஒரு கிராம் கூட யாரும் இறக்கவில்லை. என் நிறை இருந்தபடியே இருந்தது. குந்தியிருந்த நிறை நிமிர்ந்தது, அவ்வளவுதான் நடந்தது. தோணியும் ஆளும் சேர்ந்த மொத்தத்தின் ஈர்ப்பு மையம் மேலே போனால், கொஞ்சம் சரிந்ததும் நிமிர்த்திவிடுகிற பிடி குறைந்துகொண்டே போகும், ஓர் எல்லைக்கு மேல் அந்தப் பிடியே கவிழ்க்கிற பிடியாக மாறிவிடும். கப்பல் கட்டுகிறவர்கள் இதைச் சூத்திரத்தில் எழுதுவார்கள். பெரியப்பாவின் சொல்லில் பாரம் வைத்தலுக்கு எதிர்ச்சொல் 'எழும்பு'.

அவரிடம் இரண்டாவது எதிர்ச்சொல்லும் இருந்தது, அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை. நான் அள்ளி ஊற்றின அந்தத் தண்ணீர். தண்ணீரும் பாரம்தானே, அதுவும் தோணியின் அடியில்தானே கிடந்தது, பிறகு ஏன் அதை அவசர அவசரமாக ஊற்ற வைத்தார்? மணல் மூட்டை வைத்த இடத்தில் கிடக்கும். திறந்து கிடக்கிற தண்ணீர் தோணி எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம்தான் ஓடும், சரிகிறவனைப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிற ஆள் மாதிரி. பெரிய கப்பலிலும் இதே பயம் உண்டு, அதனால்தான் தண்ணீர்த் தொட்டிகளைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து, ஒன்றில் நிரப்பினால் விளிம்பு வரை நிரப்பிவிடுகிறார்கள். அரைவாசித் தொட்டிதான் ஆபத்து. ஆக, பாரம் கூட்டுவதே பாரம் வைத்தலுக்கு எதிராக வேலை செய்யலாம். இந்த இடத்தில் எந்த அகராதியும் கையை விரித்துவிடும்.

குறுமண்வெளித் துறையில் பாதையில் ஏறினவர்களுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. (வெளியூர் ஆட்களுக்கு: இங்கே பாதை என்றால் ரோட்டு மட்டுமில்லை, ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற தட்டையான மிதவைக்கும் அதுதான் பெயர்.) மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்கு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து சனம் அள்ளுண்டு போகும். ஏறும்போது ஒருவரும் பிசகுவதில்லை, மோட்டார் சைக்கிள் நடுவில், சாமான் நடுவில், ஆட்கள் சுற்றி. அக்கரை தெரிந்ததும்தான் தொடங்கும். முதலில் இறங்க வேண்டும் என்று எல்லாரும் முன்பக்கம் நகர்வார்கள், ஒருவரும் ஓடுவதில்லை, அரை அடி அரை அடியாக, தெரியாத மாதிரி. "பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்ககா" என்று கத்துகிற சத்தம் கேட்கும். ஆக மூன்றாவது எதிர்ச்சொல் 'ஒருபக்கம் ஒதுங்கு'. சிரிப்பாகச் சொல்லவில்லை. 2021 நவம்பரில் திருகோணமலைப் பக்கம் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்பட ஆட்கள் செத்துப்போனார்கள். அன்றைக்குப் பிறகு ஊரில் யாராவது அந்தத் தட்டில் நின்று விளையாடினால் கிழவிகள் விடுவதில்லை. மண்முனைக்கு 2014இல் பாலம் வந்துவிட்டது, குறுமண்வெளியில் அதற்குப் பிறகும் தட்டுத்தான்.

நித்திரை வராத அந்த இரவில் நான் வாசா கப்பலைப் பற்றியும் வாசித்துக்கொண்டிருந்தேன். சுவீடன் அரசனுக்காகக் கட்டின போர்க்கப்பல், 1628 ஆகஸ்ட் 10இல் ஸ்டொக்ஹோம் துறையிலிருந்து முதன்முதலாகப் புறப்பட்டு, ஒன்றரைக் கிலோமீற்றர் கூடப் போகவில்லை, ஒரு காற்று வந்து சரித்தது, பீரங்கிச் சாளரங்கள் வழியாகத் தண்ணீர் ஏறி, கரையில் நின்ற சனம் பார்த்துக்கொண்டிருக்கத் தாண்டுபோனது. 1628 என்றால் இங்கே புளியந்தீவில் போர்த்துக்கேயர் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டின வருடம். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆனாலும் எனக்கு ஒரு வருடத்தை ஞாபகம் வைக்க இப்படி ஏதாவது ஒன்று வேண்டும்.

வாசாவின் அடியில் கல் போட்டிருந்தார்கள், கிட்டத்தட்ட 120 தொன். போதவில்லை. மேலே இரண்டு தட்டு நிறையப் பீரங்கி, அதற்கு மேலே சிற்பம், அலங்காரம். புறப்படும் முன்னரே முப்பது பேரைத் தட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுச் சோதித்திருக்கிறார்கள், மூன்று தரம் ஓடினதும் கப்பல் ஆடின ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டார்கள். நிறுத்திவிட்டு அனுப்பினார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு விளங்காதது. சரி, இன்னும் கல்லைப் போட்டிருந்தால் தப்பியிருக்குமா என்றால், கப்பல் இன்னும் தாழ்ந்து கீழ்த்தட்டுச் சாளரங்கள் தண்ணீருக்குப் பக்கத்தில் வந்திருக்கும். போட்டாலும் வில்லங்கம், போடாவிட்டாலும் வில்லங்கம். 1961இல்தான் அதை மேலே எடுத்தார்கள்.

இந்தச் சொல்லின் வேர் வேறு சுவையானது. பலாஸ்ட் என்பதைப் பழைய வடகடல் மொழிகளில் 'வெறும் சுமை' என்ற பொருளில் இருந்து வந்ததாகத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். கூலி தராத சுமை, விற்க முடியாத சுமை, சுமையாக இருப்பதைத் தவிர வேறு வேலை இல்லாத சுமை. யூரியாப் பையில் மணல். முன்னொரு காலத்தில் கப்பலில் கல்லும் மணலும் செங்கல்லும்தான் போட்டார்கள், இப்போது கடல்தண்ணீர். சரக்கை இறக்கினதும் கப்பல் மேலே கிளம்பி நிற்கும், உடனே தொட்டிகளில் கடல்தண்ணீரை எடுப்பார்கள். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏறும்போது அந்தத் தண்ணீரை வெளியே விடுவார்கள். மருமகளின் தாளில் இருந்தது இந்த வெளியே விடுகிற வேலைதான் என்று பிறகு தெரிந்தது. இதில் உள்ள பகிடியைப் பாருங்கள், கப்பல் பாரத்தை 'நீக்குகிற' அதே நேரத்தில்தான் கப்பலின் மொத்தப் பாரம் ஏறிக்கொண்டு போகிறது. நான் அனுப்பின 'பாரம் இறக்கு' அங்கே போயிருந்தால், வாசிக்கிற மாலுமி சரக்கை அல்லவா இறக்கியிருப்பான்! அந்தத் தண்ணீரோடு சேர்ந்து ஓர் ஊர்க் கடலின் மட்டியும் பாசியும் கிருமியும் இன்னோர் ஊர்க் கடலுக்குப் போய்விடும். வட அமெரிக்கப் பேரேரிகளில் 1980களில் வரிக்குதிரை மட்டி போய்ப் பெருகினது இப்படித்தான். அதைத் தடுக்க 2004இல் சர்வதேச உடன்படிக்கை எழுதி, 2017 செப்டெம்பரில்தான் அது நடைமுறைக்கு வந்தது.

வீட்டில் டியூப் லைட்டுக்கு இருக்கிற சோக் இருக்கிறதே, ஆங்கிலத்தில் அதற்கும் பலாஸ்ட் என்றுதான் பெயர். மின்னோட்டம் கண்டபடி ஏறாமல் பிடித்து வைக்கிறது என்பதால். அதற்கு எதிர்ச்சொல் நமக்கு எல்லாருக்கும் தெரியும்: 'சோக் போச்சு'.

விடிய அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்குத் தோணி தெரியாது, கூரை தெரியும். 1978 நவம்பர் 23 சூறாவளி அவவுக்கு நேற்று நடந்த மாதிரி. "தகரம் கிளம்பும் எண்டு உங்கட அப்பா மண்மூட்டையும் தென்னங்குற்றியும் ஏத்தி வைச்சார். பாரம் வைச்ச வீடு எண்டு நிம்மதியா இருந்தம். மறுகா காத்து மூட்டையோட சேர்த்துக் கிளப்பிக்கொண்டு போச்சு." எதிர்ச்சொல் என்ன அம்மா என்றால், "கிளப்பு" என்கிறா, யோசிக்காமல். காற்றின் பக்கம் இருந்து பார்த்தால் அது சரிதான். கூரைக்குக் கீழே இருந்து பார்க்கிறவளுக்கும் அதுதான் சரி.

மருமகளுக்கு இன்னொன்றையும் எச்சரிக்க வேண்டியிருந்தது. நமது இலங்கைப் பாடப்புத்தகத்தில் ஒரு பொருளில் எவ்வளவு சடம் இருக்கிறது என்கிற திணிவு வேறு, பூமி அதை இழுக்கிற இழுவையான நிறை வேறு. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் நாம் திணிவு என்பதை நிறை என்பார்கள், நாம் நிறை என்பதை எடை என்பார்கள். இரண்டு கரைக்கும் ஒரே தாளை அனுப்புகிறவர்கள் இந்த இடத்தில் வழுக்கி விழுவார்கள், நானே ஒருதரம் விழுந்து ஒரு முழுப் பக்கத்தைத் திரும்ப எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் 'பாரம்' என்கிற சொல்லை எனக்குப் பிடிக்கும். அதைச் சொன்னால் அக்கரையிலும் இக்கரையிலும் முதுகு தெரிந்துகொள்ளும்.

அதே பாடத்தில் சமநிலை மூன்று வகை என்றும் வரும். தட்டினால் திரும்பி வந்து நிற்பது உறுதிச் சமநிலை, தட்டினால் விழுந்தே போவது உறுதியில் சமநிலை, தட்டின இடத்திலேயே நின்றுகொள்வது நொதுமல் சமநிலை. நொதுமல் எவ்வளவு அழகான பழைய சொல். எதிர்ச்சொல் என்றால் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று நினைக்கிற நமக்கு, நிலையாக இருப்பதன் மற்றப் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

நேற்று மத்தியானம் உட்கார்ந்து அவளுக்கு எழுதினேன். கப்பல் தாளுக்கு 'நிலைப்பார நீரை வெளியேற்றவும்'. கதையிலோ கட்டுரையிலோ வந்து, பாரத்தை எடுத்ததால் ஆடினது என்றால் 'அடிப்பாரம் நீக்கு'. ஒருவரை மனத்தளவில் ஆட்டி வைப்பதைச் சொல்வதென்றால் 'நிலைகுலையச் செய்', அங்கே பாரத்தை இழுக்காதே. வள்ளம் தோணி என்று வந்தால் எனக்குப் போனில் ஒரு கோல் எடு, ஆர் எழும்பினது, எந்தப் பக்கம் எழும்பினது என்று கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

பின்னேரம் பதில் வந்தது.

"நல்லா இரிக்கி மாமா. ஆனா அவங்க 'டிபலாஸ்ட் செய்யவும்' எண்டே போடச் சொல்லிட்டாங்க. காசு ஆங்கிலச் சொல்லுக்குத்தானே, எனக்கு ஒண்டும் குறையல்ல. பெரியப்பாட வெத்திலப் பெட்டி மறுகா கிடைச்சிதா?"

கிடைக்கவில்லை. வேறு வாங்கினார். அதைப் பிறகு மூட்டைக்கு மேலே வைக்கவில்லை, மூட்டையின் கழுத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிட்டார்.